ஐந்து வாரம் ஐந்து நாளான வரலாறு

(அறக்கட்டளை விழாவின் மகளிர் அமர்வில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



அழைப்பிதழில் என் பெயரைக் கண்டவர்கள் ஏதேனும் ஒரு காப்பியத்தைப் பற்றிய பேச்சை எதிர்பார்த்து வந்திருக்கலாம். இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள் வேறு. தொடக்கநிலை மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை மருத்துவத்திற்குப் பின் அளிக்கப்படும் கதிர்வீச்சு மருத்துவம் முன்பு ஐந்து, ஆறு வாரங்கள் நீடித்தது. பின்னர் அது மூன்று வாரமாயிற்று. இப்போது பலர்க்கு ஐந்தே நாளில் முடிந்துவிடுகிறது. இந்த நாட்கணக்கு எவ்வாறு சுருங்கியது, அவ்வாறு சுருங்கியதை நம்பலாமா என்பதே என் பேச்சு. நான் மருத்துவர் அல்லேன். முப்பத்துநான்கு ஆண்டுகள் பள்ளியில் தமிழ் கற்பித்தவள். படித்தறிந்ததையும் மருத்துவரிடம் கேட்டுத் தெளிந்ததையும் பிறர்க்கு விளங்கும்படி எடுத்துச் சொல்வது என் தொழிலின் எச்சம் என்று கொள்ளுங்கள்.

சென்ற ஆண்டு என்னிடம் முதன்முதல் படித்த வகுப்பைச் சேர்ந்த மாணவி ஒருத்தி தொலைபேசியில் அழைத்தாள். அவளுக்கு இப்போது ஐம்பத்தாறு வயது. "டீச்சர், கட்டியை மட்டும் எடுத்துட்டாங்க. இனிமே கரண்ட் வைக்கணுமாம். அஞ்சே நாள் போதும்னு சொல்றாங்க. எங்க நாத்தனாருக்கு இருபத்தஞ்சு நாள் வச்சாங்க. காப்பீட்டுல பார்க்கிறதாலதான் குறைச்சுட்டாங்கன்னு வீட்டுல சொல்றாங்க. கடன் வாங்கியாவது வேற இடத்துக்குப் போயிடலாமா?" என்று கேட்டாள். கடன் என்ற சொல்லைக் கேட்டதும் எனக்குத் திடுக்கிட்டது. அவளை அதே மருத்துவரிடம் மீண்டும் சென்று, அஞ்சாமல், இதே வினாவைக் கேட்குமாறு சொன்னேன். பிறகு நானும் உடன் சென்றேன். அந்த மருத்துவர் அரைமணி நேரம் பொறுமையாக விளக்கினார். அவர் குறித்துத் தந்த ஆய்வுகளின் பெயர்களைக் கொண்டு என் தம்பி மகன் கட்டுரைகளை எடுத்துத் தந்தான். இந்த உரை அவற்றிலிருந்து பிறந்தது.

இதற்கு நேர்மாறான ஒரு நிகழ்வும் நினைவில் உண்டு. ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்கு முன் வந்தவாசிப் பக்கத்துச் சிற்றூரில் வாழ்ந்த என் அத்தைக்கு இதே நோய் கண்டது. கட்டியை மட்டும் நீக்கி மார்பகத்தைக் காக்கலாம், ஆனால் அதன்பின் ஆறு வாரம் நாள்தோறும் கதிர்வீச்சுக்கு வர வேண்டும். முழுவதும் நீக்கிவிட்டால் ஒருவேளை அது தேவைப்படாமலும் போகலாம் என்றார் அறுவை மருத்துவர். வீட்டில் படுக்கையில் மாமியார். தொழுவத்தில் கறவை மாடு. அறுவடைக்கு நின்ற வயல். "ஆறு வாரமா?" என்று ஒரு முறை கேட்டார் அத்தை. அவ்வளவே. முழுவதும் நீக்கப்பட்டது. அவர் அதன்பின் நெடுங்காலம் நலமாகவே வாழ்ந்தார். அந்த மருத்துவத்தில் குறை ஏதுமில்லை. ஆனால் அத்தையின் உடலைப் பற்றிய முடிவை எடுத்தது நாட்காட்டி. இந்த ஒன்றுதான் என்னை இன்றுவரை உறுத்துகிறது.

கட்டியை நீக்கிய பின்னும் கதிர்வீச்சு எதற்கு என்று கேட்பவர் உண்டு. முதலில் அதைப் பார்ப்போம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் வில்லியம் ஹால்ஸ்டெட் என்ற அறுவை மருத்துவர் மார்பகத்தோடு மார்புத் தசைகளையும் அக்குள் முடிச்சுகளையும் சேர்த்து நீக்கும் முறையை நிலைநாட்டினார். பல பத்தாண்டுகள் அதுவே நெறியாக இருந்தது. இத்தாலியின் மிலான் நகரில் உம்பர்ட்டோ வெரோனேசியும் அமெரிக்காவில் பெர்னார்டு ஃபிஷரும் 1970களில் வேறொரு வினாவை எழுப்பினர்: கட்டி சிறிதாயின் அதனையும் அதனைச் சூழ்ந்த சிறு பகுதியையும் மட்டும் நீக்கி, எஞ்சிய மார்பகத்திற்குக் கதிர்வீச்சு அளித்தால் போதாதா? இருவருடைய ஆய்வுகளின் இருபதாண்டு முடிவுகளும் 2002ஆம் ஆண்டில் ஒரே மருத்துவ இதழில் வெளிவந்தன. உயிர்வாழும் காலத்தில் இரு முறைகளுக்கும் வேறுபாடு இல்லை.

ஆனால் அந்தக் கதிர்வீச்சு இன்றியமையாதது. கண்ணுக்குப் புலப்படாத சில உயிரணுக்கள் மார்பகத்தில் எஞ்சியிருக்கக்கூடும். ஆக்ஸ்போர்டிலிருந்து செயற்படும் ஆய்வுக்குழு ஒன்று 17 ஆய்வுகளில் பங்கேற்ற 10,801 பெண்களின் விவரங்களைத் திரட்டி 2011இல் வெளியிட்டது. கட்டி நீக்கிய பின் கதிர்வீச்சுப் பெறாதவருள் நூற்றுக்கு 35 பேர்க்குப் பத்தாண்டுகளுக்குள் நோய் ஏதேனும் ஓரிடத்தில் மீண்டது. பெற்றவருள் அது ஏறத்தாழ 19 பேர். பதினைந்தாண்டுகளில் இந்நோயால் இறந்தோர் எண்ணிக்கையும் 25 விழுக்காட்டிலிருந்து 21 விழுக்காடாகக் குறைந்தது. "கட்டிதான் போய்விட்டதே" என்று பாதியில் நின்றுவிடுவோர்க்கு இந்த எண்களைச் சொல்லுங்கள்.

ஒரு சொல்லைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். தமிழாசிரியர் என்ற உரிமையில் சொல்கிறேன். செய்தித்தாள்களில் கதிர்வீச்சு என்றும் கதிரியக்கம் என்றும் மாற்றி மாற்றி எழுதுகின்றனர். இரண்டும் ஒன்றல்ல. கதிரியக்கம் என்பது ஒரு பொருள் தானே கதிரை உமிழும் தன்மை. கதிர்வீச்சு என்பது வீசப்படும் கதிர். வெளியிலுள்ள இயந்திரத்திலிருந்து மார்பின்மீது கதிர் வீசப்படுகிறது. இயந்திரம் நின்றதும் கதிரும் நின்றுவிடுகிறது. பெண்ணின் உடலில் எதுவும் தங்குவதில்லை. மக்கள் இதைக் "கரண்ட் வைத்தல்" என்கின்றனர். உடலில் மின்சாரம் எதுவும் பாய்வதில்லை. இந்தச் சொற்குழப்பம் வெறும் சொற்குழப்பமாக நின்றால் நான் கவலைப்படமாட்டேன். சிகிச்சை முடித்து வந்த பெண்ணுக்குத் தட்டும் குவளையும் தனியே வைத்த வீட்டை நான் அறிவேன். பேரக்குழந்தையைத் தூக்கவிடவில்லை. அந்தப் பெண்ணுக்கு நோய் தந்த துன்பத்தினும் அது பெரிது. வெளியிலிருந்து கதிர்வீச்சுப் பெற்றவர் குழந்தையைத் தூக்கலாம், அணைக்கலாம், உடன் உறங்கலாம், உடன் உண்ணலாம்.

இனி அளவுக்கு வருவோம். நம்மவர் யாத்த நூல்களுள் ஏலாதி ஒரு மருந்தின் பெயரைத் தாங்கி நிற்பதை அறிவீர்கள். ஏலம் ஒரு பங்கு, இலவங்கப்பட்டை இரண்டு பங்கு, நாககேசரம் மூன்று, மிளகு நான்கு, திப்பிலி ஐந்து, சுக்கு ஆறு என்று அளவு மாறாமல் சேர்ந்தால்தான் அது ஏலாதிச் சூரணம். அளவு பிறழ்ந்தால் பெயரும் இல்லை, பயனும் இல்லை. கதிருக்கும் அப்படி ஓர் அளவு உண்டு. அந்த அலகின் பெயர் கிரே. லூயி ஹெரால்டு கிரே என்னும் ஆங்கிலேய இயற்பியலாளரின் பெயரால் அமைந்தது. மொத்தம் எத்தனை கிரே என்பது ஓர் அளவு. அதை எத்தனை தவணையாகப் பிரிப்பது என்பது மற்றோர் அளவு. என் மாணவியின் வீட்டார் நாட்களை மட்டும் எண்ணினர். எண்ண வேண்டியவை இரண்டு.

தவணை என்ற எண்ணம் பாரிசில் பிறந்தது. அங்கே ரேடியம் நிறுவனத்தில் மேரி கியூரி அம்மையாரின் ஆய்வகத்திற்கு இணையாக இயங்கிய உயிரியல் ஆய்வகத்தைக் கிளோட் ரெகோ என்ற மருத்துவர் நடத்தினார். 1920களில் செம்மறிக் கடாக்களை வைத்து அவர் ஆராய்ந்தார். நமக்கு உவப்பில்லாத செய்திதான். வரலாறு என்பதால் மறைக்காமல் சொல்கிறேன். ஒரே முறையில் மிகுதியான கதிரைச் செலுத்தினால் உள்ளுறுப்பின் விந்தணு உற்பத்தி நிற்கும் முன்னரே மேல்தோல் புண்ணாயிற்று. அதையே பல நாட்களுக்குப் பிரித்துச் செலுத்தியபோது தோல் பிழைத்தது; உள்ளே எண்ணிய செயலும் நிறைவேறியது. உழவர் வீட்டில் பிறந்தவர்க்கு இதை விளக்க வேண்டுவதில்லை. சித்திரை வெயிலில் ஒரே நாள் பத்து மணி நேரம் நிற்பதும், நாளுக்கு ஒரு மணியாகப் பத்து நாள் நிற்பதும் உடம்புக்கு ஒன்றாகுமா? அதே பாரிசில் ஆன்றி குத்தார் என்பவர் தொண்டைப் புற்றுநோயாளர்க்கு வாரக்கணக்கில் பிரித்துக் கதிர் அளித்து நற்பயன் கண்டார். அதன்பின் சிறுகச் சிறுக, நெடுநாள் என்பதே உலக வழக்காயிற்று. நாளுக்கு 2 கிரே, வாரத்துக்கு ஐந்து நாள், ஐந்து வாரத்தில் 50 கிரே. சனி ஞாயிறு விடுப்பு என்பதுகூட அலுவலகக் கணக்கில் அமைந்ததுதான்.

கதிர் உயிரணுவின் உள்ளே மரபுப்பொருளின் இழைகளை அறுக்கிறது. நலமான அணு ஒரு தவணைக்கும் அடுத்த தவணைக்கும் இடையில் அறுந்ததை ஒட்டவைத்துக்கொள்ளும். புற்றணு அந்த அளவுக்கு ஒட்டவைத்துக்கொள்வதில்லை. ஆகவே தவணை சிறிதாக இருந்தால் நலமான திசுவுக்கு ஆதாயம். இது பல வகைப் புற்றுநோய்களுக்குப் பொருந்தும். மார்பகப் புற்றுநோய்க்கும் பொருந்தும் என்று பல பத்தாண்டுகள் எல்லாரும் எண்ணினர். அங்கேதான் கதை திரும்புகிறது. மார்பகப் புற்றணு தவணையின் சிறுமை பெருமையை ஏறத்தாழ நலமான திசுவைப் போலவே உணர்கிறது என்பது மெல்ல மெல்லப் புலப்பட்டது. தவணையைச் சிறிதாக்கினால் நலமான திசு தப்புவது போலவே புற்றணுவும் தப்புகிறது. அப்படியாயின் நெடுநாள் இழுப்பதில் ஆதாயம் எங்கே?

இந்த இடத்தில் ஒரு பிழைக்கணக்கு எளிதில் நேரும். நாள் குறைகிறது என்றால் மொத்த அளவு மாறாமல் நாளளவு மட்டும் பெருகும் என்று எண்ணிவிடுவோம். அவ்வாறன்று. நாளளவு கூடினால் ஒவ்வொரு கிரேயின் தாக்கமும் கூடும். ஆகவே மொத்தத்தைக் குறைத்தாக வேண்டும். 25 நாள் முறையில் நாளுக்கு 2 வீதம் 50 கிரே. 15 நாள் முறையில் நாளுக்கு ஏறத்தாழ 2.67 வீதம் 40 கிரே. ஐந்து நாள் முறையில் நாளுக்கு 5.2 வீதம் 26 கிரே. உயர்ந்த அளவுக் கதிர் என்று கேட்டு அஞ்சுவோர் இதைக் கவனிக்க வேண்டும்: உயர்வது நாளளவு, மொத்தமோ ஏறத்தாழப் பாதியாகிறது.

மருத்துவர்கள் இதில் மிகவும் தயங்கியதற்குத் தக்க காரணம் இருந்தது. பிரிட்டனில் 1980களில் கதிர்வீச்சுப் பெற்ற சில பெண்களுக்குப் பின்னாளில் தோளிலிருந்து கைக்குச் செல்லும் நரம்புகள் பழுதுபட்டன. சிலர்க்குக் கை செயலிழந்தது. நாளளவு பெரிதாக இருந்ததும், சிகிச்சையின் நடுவே படுக்கை நிலையை மாற்றியதால் கதிர் விழும் பகுதிகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்ததும் காரணங்களாகக் கூறப்பட்டன. பாதிக்கப்பட்ட பெண்கள் ஒன்றுகூடி அமைப்பாகித் தங்களுக்கு நேர்ந்தது என்ன என்று கேட்டனர், விசாரணையும் நடந்தது. அவர்களை நான் நன்றியோடு நினைக்கிறேன். அவர்கள் கேட்டிராவிட்டால் அடுத்து வந்த ஆய்வுகள் இத்துணை விழிப்போடு, தோலின் நிறம், மார்பின் சுருக்கம், தோளின் இறுக்கம் என ஒவ்வொன்றையும் ஆண்டுதோறும் குறித்து வைத்திருக்குமா என்பது ஐயமே.

கனடாவில் 1993 முதல் 1996 வரை 1,234 பெண்கள் ஓர் ஆய்வில் சேர்ந்தனர். அனைவரும் கட்டி நீக்கப்பட்டவர்கள். அக்குள் முடிச்சுகளில் நோய் பரவாதவர்கள். யாருக்கு எந்த முறை என்பதை மருத்துவரும் தேர்ந்தெடுக்கவில்லை, நோயாளியும் தேர்ந்தெடுக்கவில்லை. நம் ஊரில் திருவுளச் சீட்டு என்கிறோமே, அவ்வாறு முடிவு செய்யப்பட்டது. ஒரு சாரார்க்கு 25 தவணையில் 50 கிரே. மறு சாரார்க்கு 16 தவணையில் 42.5 கிரே. பத்தாண்டுகள் காத்திருந்து 2010இல் முடிவை வெளியிட்டனர். அதே மார்பில் நோய் மீண்டோர் நெடுநாள் முறையில் 6.7 விழுக்காடு, குறுநாள் முறையில் 6.2 விழுக்காடு. மார்பகத்தின் தோற்றத்திலும் வேறுபாடு இல்லை.

பிரிட்டனில் ஸ்டார்ட் என்ற பெயரில் இரு ஆய்வுகள் நடந்தன. அவற்றுள் இரண்டாவது 2,215 பெண்களைக் கொண்டது. ஐந்து வாரத்தில் 50 கிரேயையும் மூன்று வாரத்தில் 40 கிரேயையும் ஒப்பிட்டது. பத்தாண்டு முடிவில் மூன்று வார முறையில் நோய் மீள்வது மிகவில்லை. மார்பகச் சுருக்கமும் வீக்கமும் குறைவாகவே இருந்தன. குறுகியது குறைவன்று என்பதோடு, சில வகையில் அது மென்மையானதும் ஆயிற்று. 2009ஆம் ஆண்டிலேயே அந்நாட்டு மருத்துவ வழிகாட்டு நெறி மூன்று வாரத்தைப் பொதுமுறையாக்கிவிட்டது.

அமெரிக்காவில் மாற்றம் மெல்லவே நடந்தது. தனியார் காப்பீடு பெற்ற தகுதியுடைய பெண்களுள் 2013இல் ஏறத்தாழ மூன்றில் ஒருவர்க்கே குறுநாள் முறை கிடைத்தது. அங்கே தவணைக்கு இவ்வளவு என்று கட்டணம் பெறும் முறை இருந்ததை ஒரு காரணமாகப் பலர் சுட்டினர். என் மாணவியின் வீட்டார் நாள் குறைந்ததில் பணத்தின் நிழலைக் கண்டு ஐயுற்றனர். நாள் நீண்டதிலும் அந்த நிழல் விழக்கூடும் என்று அவர்களுக்குத் தோன்றவில்லை. இதைச் சொல்லும்போது அவள் கணவரே சிரித்துவிட்டார்.

இப்போது ஐந்து நாளுக்கு வருகிறேன். ஃபாஸ்ட்-ஃபார்வர்டு என்ற ஆய்வு 2011இன் இறுதியில் பிரிட்டனில் தொடங்கியது. 97 மருத்துவமனைகள், 4,096 நோயாளர்கள். மூன்று பிரிவு: மூன்று வாரத்தில் 40 கிரே, ஒரே வாரத்தில், ஐந்து தவணையில், 27 கிரே, அதே ஐந்து தவணையில் 26 கிரே. ஐந்தாண்டு முடிவில் அதே பக்கம் நோய் மீண்டோர் முறையே 2.1, 1.7, 1.4 விழுக்காடு. நோயைத் தடுப்பதில் மூன்றும் ஒன்றுக்கொன்று சளைக்கவில்லை.

என்னை வியப்பில் ஆழ்த்தியது அடுத்த கணக்கு. மார்பகத்தில் நடுத்தர அல்லது மிகுதியான பக்கவிளைவு இருப்பதாக மருத்துவர் ஐந்தாம் ஆண்டில் கண்டது 40 கிரே பிரிவில் 9.9 விழுக்காடு, 27 கிரே பிரிவில் 15.4, 26 கிரே பிரிவில் 11.9. மொத்தத்தில் ஒரு கிரே, நாளுக்கு 0.2 கிரே, இந்தச் சிறு வேறுபாடு வெளியே தெரிகிறது! ஏலாதியில் சுக்கு ஒரு பிடி கூடினாற்போல. ஐந்து நாள் என்று வாயால் சொல்லிவிடுவது எளிது. எத்தனை கிரே என்பதை நிறுத்துக் காண ஆயிரக்கணக்கான பெண்கள் தங்கள் உடலைத் தந்து, ஆண்டுதோறும் வந்து காட்டி, வினாத்தாள்களை நிரப்பித் தர வேண்டியிருந்தது. 26 தேர்ந்தெடுக்கப்பட்டது, 27 கைவிடப்பட்டது. இம்முடிவு 2020 ஏப்ரலில் வெளிவந்தது. கொரோனாவால் உலகமே வீட்டுக்குள் அடைந்திருந்த நேரம் அது. மருத்துவமனைக்கு வரும் நாளைக் குறைப்பதே உயிர்காக்கும் செயலாக இருந்தமையால் பிரிட்டன் அதனை உடனே கைக்கொண்டது.

நம் நாட்டிலும் இதை அப்படியே நம்பிவிடாமல் ஆராய்கின்றனர். கொல்கத்தாவின் டாட்டா மெடிக்கல் சென்டர் ஒரு வார முறையையும் மூன்று வார முறையையும் ஒப்பிடும் ஆய்வை நடத்திவருகிறது. அது தேவையே. நம் பெண்கள் மேலைநாட்டாரினும் இளவயதில் நோய்ப்படுகின்றனர். கட்டி பெரிதாகிய பின்னரே வருவோரும் மிகுதி.

ஆகவே ஐந்து நாள் எல்லார்க்கும் உரியது என்று நான் சொன்னதாக வெளியே போய்ச் சொல்லிவிடாதீர்கள். அக்குளிலுள்ள நிணநீர் முடிச்சுகளுக்கும், கழுத்தெலும்பின் மேற்புறத்துக்கும் கதிர் அளிக்க வேண்டியிருந்தால் மூன்று வார முறையையே பெரும்பாலும் தேர்ந்தெடுக்கின்றனர். ஐம்பது வயதுக்குக் குறைந்தவர்க்குக் கட்டி இருந்த இடத்தில் மட்டும் கூடுதல் கதிர் வேண்டியிருக்கலாம். அதற்குச் சில நாட்கள் மிகும். மறுபுறம், அறுபத்தைந்து வயதைக் கடந்து, கட்டி சிறிதாய், ஹார்மோன் மாத்திரைக்குக் கட்டுப்படும் வகையாய் இருந்தால் கதிர்வீச்சே இன்றியும் இருக்கலாமா என்று மருத்துவரே பேச்செடுப்பார். ஸ்காட்லாந்தைத் தலைமையிடமாகக் கொண்ட ஆய்வொன்றில் அத்தகையோர்க்குப் பத்தாண்டுகளில் மார்பில் நோய் மீண்டது கதிர் பெறாதவரிடம் 9.5 விழுக்காடு, பெற்றவரிடம் 0.9, உயிர்வாழ்வில் வேறுபாடில்லை. ஒன்பதரையைப் பெரிதென்பார் உண்டு, சிறிதென்பாரும் உண்டு. அந்த அம்மையார்தாம் சொல்ல வேண்டும். மகனோ மருமகனோ அன்று.

பெருந்தவணை முறைக்குத் திட்டமிடலும் துல்லியமாக இருக்க வேண்டும். ஓரிடத்தில் அளவு சற்று மிகுந்தாலும் விளைவு பெரிதாகும். முதலில் சிடி ஸ்கேன் எடுப்பர். கைகளைத் தலைக்குமேல் உயர்த்திப் படுக்க வைத்து, தோலில் சிறு புள்ளிகள் இடுவர். அந்தப் புள்ளிகளை அழித்துவிடலாகாது. இடப்பக்க மார்பாயின் நெஞ்சப்பை அருகில் இருப்பதால், மூச்சை ஆழ இழுத்து நிறுத்தச் சொல்லும் முறையும் உண்டு. நெஞ்சப்பை சற்று விலகி நிற்கும். நாள்தோறும் சிகிச்சை சில நிமிடங்களே. வலி இல்லை. அறுவைக்குப் பின் தோள் இறுகாமலிருக்கக் கற்பிக்கும் கைப்பயிற்சியை மட்டும் விடாதீர்கள். கை உயரவில்லையெனில் படுக்கையில் அந்த நிலையைப் பெறுவதே கடினம்.

ஆரணி, வந்தவாசி, செஞ்சி, திண்டிவனப் பகுதிகளில் வாழும் நம் குடும்பங்களுக்குக் கதிர்வீச்சு என்றால் காஞ்சிபுரமோ, வேலூரோ, புதுச்சேரியோ, சென்னையோ செல்ல வேண்டும். இருபத்தைந்து நாள் என்றால் இருபத்தைந்து போக்குவரத்து, அல்லது உறவினர் வீட்டில் ஒரு மாதத்திற்கு மேல் தங்கல். நோயாளிக்கு மட்டுமா? உடன் செல்பவருக்கும் அத்தனை நாள் கூலியோ விடுப்போ போகும். நம் வீட்டுப் பெண்கள் இதையெல்லாம் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். "எடுத்துவிடுங்கள், ஒரே வேலையாய்ப் போகட்டும்" என்பார்கள். அறுவைக்கு முன்பே, அறுவை மருத்துவரிடமே, "எனக்குக் கதிர்வீச்சு எத்தனை நாள் வேண்டியிருக்கும்? குறுநாள் முறைக்கு நான் தகுதியானவளா? இல்லையெனில் ஏன்?" என்று கேளுங்கள். அறுவை முடிந்தபின் கேட்டால் பாதி வழி மூடிவிடும். முழுவதும் நீக்குவது சிலர்க்கு மருத்துவ நோக்கிலேயே சிறந்தது. அதை மருத்துவர் சொல்வார். நாட்கணக்கு சொல்ல வேண்டியதில்லை.

நோன்பு பற்றி இந்த அவையில் பேசாமல் இருக்க முடியாது. பருவ நோன்பை ஓர் ஆண்டும் விட்டதில்லை என்ற பெருமையுடையோர் பலர் இங்கே இருக்கிறீர்கள். சிகிச்சை நாட்களில் உடலுக்கு உணவும் நீரும் வேண்டும், சோர்வு இயல்பு. நோன்பு நாள் நடுவே வந்தால் மருத்துவரிடம் முன்னரே சொல்லிவிடுங்கள். பகலிலேயே உண்டு முடிப்பவர்கள் காலை நேரத் தவணையைக் கேட்டுப் பெறலாம், பெரும்பாலும் இணங்குவர்.

இன்னும் ஒன்று. ஐந்து நாள் முறையில் சிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்த பின்னரே தோலில் மாற்றம் தெரியத் தொடங்கும். ஒன்று, இரண்டு வாரங்களில் தோல் சிவந்தோ கறுத்தோ அரிக்கும். சிலர்க்கு மார்பின் அடி மடிப்பில் தோல் உரியும். நெடுநாள் முறையில் இது மருத்துவமனைக்குப் போய்வரும் நாட்களிலேயே நடந்ததால் யாரேனும் பார்த்துச் சொல்வார்கள். இப்போது அந்த வாரம் வீட்டில் கழிகிறது. என் மாணவி முடித்து வந்த ஒன்பதாம் நாள் அவள் மாமியார் பதறிப்போய் மஞ்சளும் வேப்பிலையும் அரைக்கத் தொடங்கிவிட்டார். எதையும் அரைத்துப் பூச வேண்டா. தளர்ந்த பருத்தி ஆடை, மென்மையான சோப்பு, மருத்துவமனை தந்த களிம்பு, வெயில் படாமை, இவை போதும். நீர் கசிந்தாலோ காய்ச்சல் கண்டாலோ அழைப்பதற்குக் கதிர்வீச்சுப் பிரிவின் தொலைபேசி எண்ணைக் கடைசி நாளன்றே எழுதி வாங்கி, அடுக்களைச் சுவரில் நாட்காட்டிக்குப் பக்கத்தில் ஒட்டிவையுங்கள். மறுபரிசோதனை நாளையும் அதிலேயே வட்டமிட்டுவிடுங்கள்.